குஞ்சுக்குக் காவல் பஞ்சாரமே

ஜவ்வாது மலையில் புறக்கடைக் கோழி வளர்க்கும் குடியானவர்களுக்குப் பருந்தாலும் வல்லூறாலும் நேரும் நஷ்டம் சிறிதன்று. ஓர் ஈட்டில் பொரித்த குஞ்சுகளுள் பாதி பறிபோயின், அவ்வீட்டின் கைச்செலவுக்கே முட்டுப்பாடு உண்டாகும். ஆயினும், அப்பறவைகளைச் சுடுவதும், இறைச்சியில் நஞ்சு கலந்து வைப்பதும் பரிகாரமாகா. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவை குற்றமாம். நஞ்சோ வீட்டு நாயையும் கொல்லும். அன்றியும், சாமை வயலில் எலிகளை வேட்டையாடுவனவும் இவ்வினப் பறவைகளே.

பெரும்பாலும் கவரப்படுவன இளங்குஞ்சுகளாதலின், முதல் ஆறு வாரம் அவற்றைத் தாயுடன் பஞ்சாரத்தில் வைத்துத் தீனியும் நீரும் அளித்தல் வேண்டும். பின்னரும் வெட்டவெளியில் விடாது, புதரும் மரநிழலும் உள்ள இடத்தில் மேயவிடுதல் நன்று. ஒரு பஞ்சாரம் பல ஈடுகளுக்கு உதவும். கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பாராக.