வருவோர்க்கு வழி காட்டுவோம்!

தமிழ்த்தொண்டு செய்ய ஆளில்லை என்று நாம் ஓயாது வருந்துகின்றோம். மேடைதோறும் இக்குறை கூறப்படுகின்றது, மடல்தோறும் எழுதப்படுகின்றது. ஆயின், வந்த ஆட்களை நாம் என்ன செய்தோம் என்று எவரும் வினவுவதில்லை. ஆர்வத்தோடு வாயில்வரை வந்து, எப்பக்கம் செல்வதென்று அறியாது நின்று, ஏனென்று கேட்பாரின்றித் திரும்பிச் சென்ற இளைஞர் எத்துணையர்? அக்கணக்கை எவரும் எழுதி வைத்தாரில்லை. அதனையே இத்திங்கள் நம் அன்பர்களின் எண்ணத்திற்கு வைக்கின்றோம்.

இன்று தமிழின் பெருஞ்செல்வங்கள் கணினியில் ஏறுகின்றன. அவ்வாறு ஏற்றுவோர் கூலிக்கு உழைப்போர் அல்லர். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் வாழும் கலியாணசுந்தரனாரின் ஒருங்கிணைப்பில், உலகெங்கும் பரந்த தொண்டர்களைக் கொண்டே பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கிற்று. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றிற்று. 2005-இல் ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் திட்டம் எழுந்தது. இவையெல்லாம் ஒரே கொள்கையின் கிளைகள் எனலாம். 1983-இல் அமெரிக்கராகிய இரிச்சர்டு இசுட்டால்மன் அறிவித்த கட்டற்ற மென்பொருள் இயக்கமும், 1991-இல் பின்லாந்து மாணவர் இலினசு டோர்வால்டு தொடங்கிய இலினக்சும் உலகிற்குக் காட்டிய நெறி அஃது. ஆக்கியதை மூடி வையாதே. எவரும் பார்க்கட்டும், திருத்தட்டும், பிறர்க்கும் வழங்கட்டும் என்பதே அந்நெறி.

கதவு திறந்திருக்கின்றது என்பது உண்மை. ஆனால் திறந்த கதவு வேறு, வழிகாட்டும் கை வேறு. மாகறலுக்கு முதன்முறை வருபவர், செய்யாற்றங்கரைக் கோயிலுக்கு எத்தெரு வழி போவதென்று கேட்டால், "கோயில் திறந்துதான் இருக்கிறது" என்று விடை சொல்வோமா? கூட்டுப்பணித் திட்டங்கள் பலவற்றில் புதியவர் பெறும் விடை இதுவாகவே உள்ளது.

விக்கிமூலத்தை எடுத்துக்கொள்வோம். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர் நூல்கள் ஈராயிரத்துக்கு மேற்பட்டவை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியே கிடைத்து, அதன்கண் ஏற்றப்பட்டுள்ளன. ஒவ்வொரு பக்கத்தின் படமும் ஒருபுறம் நிற்கும். கணினி அப்படத்தைப் படித்து எழுதிய எழுத்து மறுபுறம் நிற்கும். கணினியின் கண் கூரியதன்று. 'ர'வைக் காலாகவும் காலை 'ர'வாகவும் அது படிக்கும். 'ஔ'காரக் குறியையும் 'ள'கரத்தையும் மயங்கும். 'எ' என்னும் எழுத்தையும் ஏழு என்னும் தமிழ் எண்ணையும் பிரித்தறியாது. மாந்தக் கண்ணே இவற்றைத் திருத்த வேண்டும். திருத்தப்படாத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்தது மஞ்சள். மற்றொருவர் மீண்டும் சரிபார்த்தது பச்சை. தாம் மஞ்சளாக்கிய பக்கத்தைத் தாமே பச்சையாக்க ஒருவர்க்கும் இயலாது. இரண்டாம் கண் ஒன்று கட்டாயம் வேண்டும். எனவே, எத்துணைப் பெரும் புலவராயினும் தனியொருவராக ஒரு நூலையும் அங்கு முற்றுவிக்க முடியாது. புதியவர் வந்தே தீரவேண்டும் என்பது அப்பணியின் அமைப்பிலேயே உள்ளது.

இத்துணையும் முதல்நாள் வரும் மாணவிக்கு எவர் சொல்வார்? பக்கம் எது, அட்டவணை எது, நிறம் எதனைக் குறிக்கின்றது, ஐயம் எழுந்தால் எங்குக் கேட்பது என்பன பழகியவர்க்கு மூச்சுவிடுதல் போல்வன, புதியவர்க்கோ அடர்காடு. தமிழ் விக்கிப்பீடியர் தம் பொது உரையாடற் பக்கத்திற்கு 'ஆலமரத்தடி' என்றும், எழுதிப் பழகும் இடத்திற்கு 'மணல்தொட்டி' என்றும் பெயர் வைத்தது பாராட்டற்குரியது. பெயரைக் கேட்ட அளவிலேயே நம்மூர்ப் பிள்ளைக்கு அஃது இன்னதென விளங்கும். நல்ல தமிழ்ப் பெயர் தானே ஒரு வழிகாட்டி என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. எனினும், ஆலமரத்தடியில் ஆள் இருந்தாலன்றோ கேட்டவர்க்கு விடை கிட்டும்!

இனி, தனித்தமிழ் அன்பர்களுக்கென்றே ஒன்று கூறுதல் வேண்டும். நம்மவர் ஒருவர் இப்பணிக்கு வந்தால், பழைய நூலில் வடசொல்லைக் கண்டவுடன் அதனை நீக்கித் தமிழ்ச்சொல் இடக் கை துடிக்கும். அது கூடாது. நூலாசிரியர் எழுதியவாறே பதிவதுதான் விக்கிமூலத்தின் நெறி. மறைமலையடிகள் தம் பழைய நூல்களின் வடசொற்களைத் தாமே களைந்து பின்னர்ப் பதிப்பித்தார். அஃது ஆசிரியர்க்குள்ள உரிமை. படியெடுப்போர்க்கு அவ்வுரிமை இல்லை. பிறர் நூலில் நாம் சொல் மாற்றினால், நாளை மற்றொருவர் நம் நூலில் மாற்றுவதைத் தடுக்க நமக்கு வாயிராது. தூய தமிழை நாம் எழுதும் கட்டுரையில் காட்டுவோம், கலைச்சொல்லாக்கத்தில் காட்டுவோம். இவ்வேறுபாட்டை முதல்நாளே அன்போடு விளக்காவிடில், தொண்டர் நாள்முழுதும் உழைத்துத் திருத்திய பக்கம் மறுநாள் பழையபடி மாற்றப்பட்டிருக்கும். அவர் தம்மை இகழ்ந்ததாகக் கருதி விலகுவார். இழப்பு அவர்க்கன்று, தமிழுக்கே.

அதுபோன்றே, கலப்புத் தமிழில் தயங்கித் தயங்கி எழுதி வரும் இளைஞரை, வந்த அன்றே அவர்தம் சொற்பிழைக்காகச் சாடுவதும் தீது. குறை கூறுதல் எளிது. அடுத்த அடியைக் காட்டுதலே அரிது. 1880-இல் குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்த இளைஞர் உ.வே.சாமிநாதையரிடம், அவர் கற்றவை போதா என்று சேலம் இராமசாமி முதலியார் வெளிப்படையாகவே உரைத்தார். உரைத்ததோடு அவர் நின்றிருப்பின் தமிழுக்கு ஒன்றும் விளைந்திராது. கற்க வேண்டிய சீவக சிந்தாமணியின் படியைக் கையிலும் கொடுத்தார். அந்நூலில் புரியாதவற்றைக் குடந்தைச் சமணர் பொறுமையோடு விளக்கினர். 1887-இல் சிந்தாமணி அச்சேறிற்று. அதன்பின் பழந்தமிழ் நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிவந்தன. பதிப்பித்தவர் பெயரை நாடறியும். நூலைக் கொடுத்தவரும் பொருள் சொன்னவரும் இலரேல் அப்பெயர் ஏது?

அவ்வாறாயின் செய்ய வேண்டுவன யாவை? முதலாவது, ஒவ்வொரு திட்டமும் ஒரே பக்கத்தில், இப்பணி இன்னது, இன்று வேண்டுவது இது, கேட்க வேண்டியவர் இவர் என எழுதி முகப்பில் வைத்தல் வேண்டும். இரண்டாவது, ஒருமணிப் பொழுதில் முடியத்தக்க சிறு பணிகளைப் புதியவர்க்கென்றே ஒதுக்குதல் வேண்டும். மென்பொருள் ஆக்குவோரிடையே இவ்வழக்கம் பரவலாக உண்டு. முதல்நாளே ஒன்றை முடித்தவர் மறுநாளும் வருவார். மூன்றாவது, புதியவர் ஒவ்வொருவர்க்கும் பழகியவர் ஒருவரைத் துணையாக்குதல் வேண்டும். நான்காவது, பிழையைத் திருத்துங்கால் அதன் கரணியத்தையும் சொல்லித் திருத்துதல் வேண்டும். ஒன்பது பிழையிருப்பினும் ஒருநாளைக்கு ஒன்றிரண்டே சொல்லுதல் நன்று. ஐந்தாவது, சில திங்கள் பழகியவரை, அடுத்து வருபவர்க்கு வழிகாட்ட அமர்த்துதல் வேண்டும். தாம் தடுமாறிய இடம் அவர்க்கே இன்னும் நினைவிலிருக்கும்.

"இவ்வளவு பொழுதையும் வழிகாட்டுதலிற் செலவிட்டால் பணி எப்போது நடக்கும்?" என்று மூத்த தொண்டர் கேட்கலாம். வழிகாட்டுதலே பணி என்பது நம் விடை. நம் காஞ்சி வட்டாரத் தறிகளைப் பாருங்கள். பழைய பாவு முடியுங்கால் அதன் கடைசி இழைகளை நெசவாளர் அறுத்தெறிந்துவிடுவதில்லை. அச்சிலும் விழுதிலும் கோத்தபடியே அவற்றை விட்டுவைத்து, புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு முறுக்கிப் பிணைக்கின்றனர். பழைய இழை முன்னே செல்ல, புதிய இழை தன் இடத்தைத் தானே அடைகின்றது. பிணைக்கும் பொழுதில் ஒரு விரல் அகலமும் நெய்யப்படுவதில்லை. அதனை வீண்பொழுது என்று எந்நெசவாளரும் சொல்லார். அதனைச் செய்யாதவர் ஆயிரக்கணக்கான இழைகளையும் முதலிலிருந்து கோக்க வேண்டிவரும்.

மொழிஞாயிறு பாவாணர் தலைமையில் 1974-இல் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணி, 1981-இல் அவர் மறைந்த பின்னும் பிறர் கைகளில் தொடர்ந்து 2011-இல் நிறைவுற்றது. தமிழ்ப்பணி எதுவும் ஒருவர் வாழ்நாளில் அடங்குவதன்று என்பதற்கு அதுவே சான்று.

எனவே அன்பர்காள்! இவ்வாண்டு நீவிர் திருத்தும் பக்கங்களை எண்ணுவதோடு, கைபிடித்து உள்ளழைத்து வந்த புதியவர்களையும் எண்ணுங்கள். ஒருவரையேனும் அழைத்து வாருங்கள்; அவர் முதற்பக்கத்தை முடிக்கும் வரை அருகிலிருங்கள். வருவோர்க்கு வழி காட்டுவோம்! வளரட்டும் தமிழ்!