சாவி யார் கையில்?

கம்ப்யூட்டரின் விசையைத் தட்டியதும் முதலில் விழித்துக்கொள்வது விண்டோஸ் அல்ல. உள்ளே பதிக்கப்பட்டிருக்கும் 'ஃபர்ம்வேர்' என்னும் சிறு நிரல். 'செக்யூர் பூட்' ஏற்பாட்டின்படி, தன்னிடமுள்ள சாவிக்கு ஒத்த கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டுமே அது இயங்க விடும். தொடக்கத்திலேயே புகுந்துவிடும் நச்சு நிரல்களைத் தடுக்க இது உதவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. (அந்தக் காவலையும் 'பிளாக்லோட்டஸ்' என்ற நச்சு நிரல் ஏய்த்தது 2023-ல் அம்பலமாயிற்று என்பது வேறு விஷயம்.)

2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது, அதன் முத்திரை பெறும் கம்ப்யூட்டர்கள் இந்தப் பூட்டுடனேயே விற்கப்பட வேண்டும் என்றது மைக்ரோசாஃப்ட். சாதாரண கம்ப்யூட்டர்களில் வாங்கியவர் அதை அணைத்துக்கொள்ளலாம், ஏ.ஆர்.எம். சில்லு உள்ளவற்றில் அதுவும் கூடாது. ஸ்பெயினின் லினக்ஸ் பயனாளர் சங்கம் ஒன்று 2013-ல் ஐரோப்பிய கமிஷனிடம் புகார் செய்தது. 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோதோ, அணைக்கும் வசதியைத் தருவது உற்பத்தியாளர் விருப்பம் என்றாயிற்று. பெரும்பாலான கம்பெனிகள் இன்றும் தருகின்றனவே என்று சமாதானம் சொல்வார்கள். தருகிறார்கள் என்பது வேறு. தந்தே தீர வேண்டும் என்பது வேறு.

உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள் பூட்டு இருந்தும் இயங்குகின்றன. எப்படி? மைக்ரோசாஃப்டின் கையொப்பம் வாங்கிய ஒரு சிறு நிரலின் துணையால்தான். போட்டியாளனுக்கு அனுமதிச் சீட்டு வழங்குபவனும் கடைக்காரனே என்ற நிலை இது. 2022-ல் வந்த சில மாடல்களில் அந்தச் சீட்டும் செல்லாதபடி, தொடக்க அமைப்பிலேயே தடுத்து வைத்திருந்தார்கள்.

இது நிபுணர்களின் சச்சரவு என்று ஒதுக்கிவிட முடியாது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் பம்பாய் லாமிங்டன் ரோட்டிலும் பிள்ளைகளின் படிப்புக்காகப் பழைய லேப்டாப் வாங்குகிற குமாஸ்தாக்களும் தொழிலாளர்களும் நம்மவரில் ஏராளம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. டி.பி.எம். 2.0 இல்லாத பழைய கம்ப்யூட்டர்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அவற்றுக்குப் புகலிடம் லினக்ஸ்தான். சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸும் உண்டு. ஆனால் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய லேப்டாப்பின் ஃபர்ம்வேருக்குப் பழைய நிர்வாகி போட்ட கடவுச்சொல் கடைக்காரருக்கே தெரியாதபோது, வாங்கியவர் என்ன செய்வார்?

பூட்டே வேண்டாம் என்பதல்ல வாதம். அதைத் திறக்கவும் தன் சாவியைப் பதிக்கவும் விலை கொடுத்தவருக்கு உரிமை வேண்டும். இந்த உரிமை உள்ள கம்ப்யூட்டர்களையே வாங்குவோம் என்று மத்திய, மாநில அரசுகள் தங்கள் டெண்டர்களில் ஒரு வரி சேர்க்கட்டும். கழிவு ஏலத்துக்கு அனுப்புமுன் கடவுச்சொல்லை நீக்கித் தரவேண்டும் என்று தங்கள் அலுவலகங்களுக்கு உத்தரவும் இடட்டும். இரண்டுக்கும் புதிய சட்டம் தேவையில்லை.