‘வளர்ற பிள்ளைதானே’ என்று வாங்கும் சைக்கிள்

துணிக்கடையில் செல்லுபடியாகும் ஒரு கணக்கு சைக்கிள் கடையில் செல்லுபடியாவதில்லை. பள்ளிச் சீருடையை இரண்டு அங்குலம் கூட்டித் தைத்து, கீழ்மடிப்பை ஆண்டுதோறும் பிரித்துவிடுவது நம் வீடுகளின் பழைய சிக்கனம். அதனால் எவருக்கும் தீங்கில்லை. அதே எண்ணத்தோடு ஏழு வயதுப் பிள்ளைக்குப் பத்து வயதுக்குரிய சைக்கிளை வாங்கினால், இடையிலுள்ள மூன்று ஆண்டுகளும் அப்பிள்ளை தன் கட்டுக்கு அடங்காத வண்டியைத் தெருவில் ஓட்ட வேண்டியிருக்கும். “வளர்ற பிள்ளைதானே டாக்டர், அடுத்த வருஷம் கால் எட்டிரும்” என்று பெற்றோர் சொல்வதை எலும்பு முறிவுப் பிரிவில் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் கேட்கிறேன். அச்சொல்லைக் கேட்கும்போது பிள்ளையின் கை பெரும்பாலும் மாவுக்கட்டில் இருக்கும்.

“நாங்களெல்லாம் குரங்குப் பெடல் போட்டுத்தானே கற்றுக்கொண்டோம்” என்று தாத்தாக்கள் வாதிடுவர். உண்மைதான். 2024இல் வெளிவந்த ‘குரங்கு பெடல்’ திரைப்படத்தைப் பார்த்த நடுவயதினர் பலர் தம் இளமையைக் கண்டதுபோல் மகிழ்ந்ததும் அதனால்தான். ஆனால் அந்தக் காலத்தில் வாடகை சைக்கிள் கடை இருந்ததை நாம் மறந்துவிடுகிறோம். பல கடைகளில் பெரிய வண்டிகளோடு அரை வண்டியும் முக்கால் வண்டியும் நின்றன. கடைக்கார அண்ணாச்சி பிள்ளையின் காலை ஒருமுறை பார்ப்பார்; எது பொருந்துமோ அதைத் தள்ளிக்கொண்டு வருவார். பிள்ளை வளர்ந்தால் அடுத்த அளவு வண்டி அதே கடையில் காத்திருக்கும். அளவு மாறுவதன் செலவைக் கடை ஏற்றது. குடும்பம் மணிக்கணக்கில் வாடகை மட்டும் கொடுத்தது. அக்கடைகள் மறைந்தபின் அச்செலவு முழுதும் பெற்றோர் தலையில் விழுந்துவிட்டது. விசைத்தறிக் கூலியிலும் பூ வியாபாரத்திலும் குடும்பம் நடத்துவோர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு சைக்கிள் வாங்குவது எளிதன்று. ஆகவே, பெரிய சைக்கிள் வாங்கும் பெற்றோரைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. அதில் மிச்சமாகும் பணம் எங்கே செலவாகிறது என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

இருக்கையில் அமர்ந்த பிள்ளைக்குக் கால் தரையில் எட்டவில்லையெனில், வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு பக்கம் சாயும். சாயும்போது பிள்ளை கையை நீட்டி ஊன்றும். ஐந்து முதல் எட்டு வயது வரை முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு மெலிந்திருப்பதால் முறிவு அங்கே எளிதில் நேர்கிறது. அவ்விடத்தை ஒட்டியே முன்கைக்குச் செல்லும் முதன்மை இரத்தக் குழாய் ஓடுகிறது. வீங்கிய கையில் எண்ணெய் தேய்த்து மூங்கில் பட்டையை வைத்து இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைபட்டுத் தசைகள் மடிந்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகலாம். வோல்க்மன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1881இலேயே இதை விளக்கி எழுதிவிட்டார். விரல்கள் நீலமாகவோ வெளிறியோ போனாலும், மரத்துப்போனாலும், விரலை நீட்டும்போது பிள்ளை அலறினாலும் கட்டு எங்கே போட்டதாயினும் உடனே தளர்த்திவிட்டு, அந்நேரமே மருத்துவமனைக்கு வாருங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஹேண்டில்பார் விளைவிக்கும் காயம் வேறு வகை. கைப்பிடி ரப்பர் கிழிந்து குழாயின் முனை வெளியே தெரியும் சைக்கிளில் பிள்ளை விழும்போது, அம்முனை வயிற்றில் குத்துகிறது. தோலில் வட்டமாக ஒரு சிறு தடம் மட்டுமே இருக்கும். உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கணையமோ குடலோ காயப்பட்டிருக்கலாம். மறுநாள் வயிற்றுவலி கூடினாலோ வாந்தி எடுத்தாலோ அதை அஜீரணம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த ரப்பரின் விலையோ மிகச் சொற்பம்.

இனி, எதை வாங்குவது? சைக்கிள்கள் வயதைக் கொண்டு விற்கப்படுகின்றன. என் கருத்தில் வயது இதற்குப் பயன்படாத அளவுகோல். ஒரே வகுப்பில் படிக்கும் இரு பிள்ளைகளின் உயரம் ஒரு சாண் வேறுபடுவதுண்டு. பிள்ளையைச் செருப்பின்றிச் சுவரோரம் நிற்கவைத்து, கால்களுக்கிடையே ஒரு நோட்டுப் புத்தகத்தை மேலே முட்டும்வரை உயர்த்தி, அதன் மேல்விளிம்பு நிற்கும் இடத்தைச் சுவரில் குறித்து, அங்கிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். அதுவே உள்கால் நீளம். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு இருக்கையின் உயரம் அந்த நீளத்தைத் தாண்டக் கூடாது. இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் படிய வேண்டும். நன்றாக ஓட்டத் தெரிந்த பிள்ளைக்கு முன்பாதம் ஊன்றினால் போதும். பொதுவாக 105 முதல் 120 சென்டிமீட்டர் உயரத்துக்கு 16 அங்குலச் சக்கரமும், 120 முதல் 135 வரை 20 அங்குலமும், அதற்கு மேல் 24 அங்குலமும் பொருந்தும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது சற்று மாறும் என்பதால் பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். பிறந்தநாளன்று வியப்பளிக்க வேண்டும் என்பதற்காகப் பிள்ளைக்குத் தெரியாமல் வாங்கிவரும் சைக்கிள் பொருந்துவது அரிது.

கடையில் இன்னும் இரண்டைப் பாருங்கள். பிள்ளையின் விரல் பிரேக் பிடியை எட்டுகிறதா, அழுத்தினால் சக்கரம் நிற்கிறதா என்பது ஒன்று. மற்றொன்று எடை. தடித்த டயர், ஷாக் அப்சார்பர், கியர் என்று அலங்கரித்த குழந்தைச் சைக்கிள்கள் பல 10 கிலோவைத் தாண்டுகின்றன. ஆறு வயதுப் பிள்ளையின் எடையோ 20 கிலோ அளவுதான். அறுபது கிலோ எடையுள்ள நாம் முப்பது கிலோ சைக்கிளை மிதிப்பதற்கு அது ஒப்பாகும். ஆடிக் காற்றை எதிர்த்து அதை மிதித்துப் பாருங்கள், அப்போது தெரியும். நடுக்கம்பி தாழ்ந்த சைக்கிளைப் ‘பொம்பளப் பிள்ளை வண்டி’ என்று பையன்கள் ஒதுக்குகிறார்கள். சட்டென்று இறங்கிக் கால் ஊன்ற அதுவே யாவருக்கும் ஏற்றது.

பக்கச் சக்கரங்களை நான் பரிந்துரைப்பதில்லை. சமநிலை பழகுவதுதான் கடினமான பகுதி. பக்கச் சக்கரம் அதைத் தள்ளிப்போடுகிறதே தவிரக் கற்பிப்பதில்லை. கடைக்காரரிடம் சொல்லிப் பெடல்கள் இரண்டையும் கழற்றச் சொல்லுங்கள். (இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் சுழல்வது, வீட்டில் கழற்றுவோர் கவனிக்க.) இருக்கையைத் தாழ்த்திவிட்டால் பிள்ளை தரையைக் காலால் உந்தி உந்தித் தானே பழகிக்கொள்ளும். 1817இல் கார்ல் டிரைஸ் உருவாக்கிய சைக்கிளின் மூதாதைக்கும் பெடல் கிடையாது.

பணத்துக்கு வருவோம். பிள்ளைகள் இவ்வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 அல்லது 6 சென்டிமீட்டர் வளர்கிறார்கள். ஆக, பொருத்தமான ஓர் அளவு இரண்டரை ஆண்டுகளுக்குக் குறையாமல் பயன்படும். இருக்கைத் தண்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயர்த்துங்கள். அதில் பொறித்துள்ள எல்லைக் கோடு வெளியே தெரிந்தால் உயர்த்துவதை நிறுத்திவிடுங்கள். அடுத்த அளவைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. சித்தப்பா வீட்டிலோ அத்தை வீட்டிலோ மூத்த பிள்ளைக்குச் சிறிதாகிப்போன சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் துருவேறிக் கிடக்கும். பிரேக் கட்டை, டயர், கைப்பிடி ரப்பர் ஆகியவற்றை மாற்றினால் அது புதியதற்கு ஈடாகும். தலைக்கவசத்தை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். ஒருமுறை அடிபட்ட கவசம் வெளியே நன்றாகத் தோன்றினும் மறுமுறை காக்காது.

அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது. அக்காவுக்கு வந்த அந்த வண்டியை எட்டு வயதுத் தம்பி நின்றபடியே ஓட்டுவதை நம் தெருக்களில் காணலாம். அவன் பதினொன்றாம் வகுப்பை எட்டும்போது அவனுக்கும் ஒன்று வரும். அதுவரை அந்த வண்டியின் சாவி அக்காவிடமே இருக்கட்டும்.