ஆமிஷ் ஊர் மிருகக்காட்சி சாலை இல்லை, மக்களே!

லாங் வீக்கெண்ட் வந்தால் போதும், நம்ம பசங்க நாலு பேர் சேர்ந்து காரை எடுத்துக்கொண்டு பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பக்கம் கிளம்பிவிடுவார்கள். "ஆமிஷ்காரங்களைப் பார்க்கப் போறோம்." ராத்திரி திரும்பி வந்ததும் ஆல்பம் ஏறும்: தாடி வைத்த பெரியவர், சாம்பல் நிறக் குதிரை வண்டி, வெறுங்காலோடு ஒரு குழந்தை. கீழே ஒரு வரி: "டைம் மெஷின்ல 200 வருஷம் பின்னாடி போய் வந்தோம்!"

அந்த வரி மேல்தான் எனக்குக் கோபம்.

கடைகள் நெரியும் ரூட் 30-ஐ விட்டுவிட்டு ஊர்ச் சாலைகளில் திரும்பிக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மரப்பட்டறையில் காற்றழுத்தத்தில் மெஷின் ஓடும். வயலோரம் ஒரு சின்னக் கொட்டகைக்குள் டெலிபோன் இருக்கும். சொந்தக் கார் கூடாது, ஆனால் தூரப் பயணத்துக்கு டிரைவரோடு வாடகைக் கார் பிடிக்கலாம். சைக்கிள் கூடாது, காலால் உந்தித் தள்ளும் ஸ்கூட்டர் சரி.

என்னடா கூத்து இது என்று தோன்றுகிறதா? இதில் ஒரு கணக்கு இருக்கிறது. புதுசாக ஒன்று வந்தால், இது குடும்பத்தையும் ஊரையும் சேர்த்து வைக்குமா, பிரித்துவிடுமா என்று சபையில் யோசித்து முடிவெடுக்கிறார்கள். அந்த விதிகளுக்கு 'ஓர்ட்னுங்' என்று பெயர். போன் வயலோரம் போனதும் இப்படித்தான். நம்மில் யாராவது ஒரு போன் வாங்கும் முன் விலையைத் தவிர வேறு கேள்வி கேட்டிருக்கிறோமா?

அதற்காக "ஆஹா, சொர்க்கம்!" என்று கொடி பிடிக்கவும் வேண்டாம். அங்கே எட்டாவதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே, விஸ்கான்சின் எதிர் யோடர் வழக்கில், அது பெற்றோரின் மத உரிமை என்று சொல்லிவிட்டது. நீதிபதி டக்ளஸ் மட்டும், பிள்ளைக்கு என்ன விருப்பம் என்று கேட்க வேண்டாமா என்று எழுதினார். என் ஓட்டு டக்ளஸுக்குத்தான். படிப்புக்காகக் கடல் தாண்டி வந்த நமக்கு அந்தக் கேள்வி உறைக்க வேண்டும். ஒருவரை மனுஷராக மதித்தால் அவரோடு வாதம் செய்வோம். பொம்மையை மட்டும்தான் சும்மா போட்டோ எடுப்போம்.

அந்த போட்டோவும் அவர்களுக்குப் பிடிக்காது. முகம் தெரிகிற மாதிரி நின்று படம் எடுத்துக்கொள்வது வேதக் கட்டளைக்கு விரோதம் என்று நம்புகிறவர்கள் அவர்கள். 2006 அக்டோபர் 2 அன்று நிக்கல் மைன்ஸ் பள்ளிக்கூடத்தில் ஒருவன் புகுந்து சுட்டதில் ஐந்து சிறுமிகள் செத்துப்போனார்கள். ஆமிஷ்காரர்கள் சுட்டவனின் மனைவி வீட்டுக்கே போய் ஆறுதல் சொன்னார்கள். டிவி வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பத்தே நாளில் அந்தப் பள்ளியை இடித்துவிட்டுப் புல்வெளி ஆக்கினார்கள். வேடிக்கை பார்க்க அங்கே ஒரு சுவர்கூட மிச்சம் வைக்கவில்லை. இதற்கு மேல் எப்படித்தான் சொல்வார்கள்?

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள். முன்னால் குதிரை வண்டி போனால் ஹாரன் அடிக்காதீர்கள், தள்ளியே ஓட்டுங்கள். கேமரா பையிலேயே இருக்கட்டும். ரோட்டோரம் தக்காளி விற்றால் காசு கொடுத்து வாங்குங்கள், நாலு வார்த்தை பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கடை இருக்காது. அன்றைக்கு அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது.