ஓ.பி. சீட்டில் இல்லாத இரண்டு கேள்விகள்

சி.ஓ.பி.டி. என்று டாக்டர்கள் சுருக்கிச் சொல்லும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், 2021-இல் உலகம் முழுவதும் சுமார் 35 லட்சம் பேரைக் கொண்டுபோனது. இந்தியாவில் 2016-இல் ஐந்தரைக் கோடிப் பேருக்கு இந்நோய் இருந்ததாக மதிப்பீடு. பீடி, சிகரெட் மட்டுமே காரணமல்ல. காலமெல்லாம் விறகடுப்பில் சமைத்த பெண்களுக்கும் வருகிறது. தூசியில் வேலை செய்தவர்களுக்கும், காசநோய் குணமாகியும் நுரையீரலில் தழும்பு தங்கிவிட்டவர்களுக்கும் வருகிறது.

இந்த நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் உண்டு என்று ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. ஆனால் சளி எப்படி, இருமல் எப்படி, இன்ஹேலர் ஒழுங்காக எடுக்கிறீர்களா என்பதோடு விசாரணை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வரிசையோ நீளம், டாக்டரையும் குறை சொல்ல முடியாது.

மூச்சு முட்டும்போது வரும் பயத்தைக் கோழைத்தனம் என்று நினைப்பது தவறு. இந்நோயில் காற்றுக்குழல்கள் குறுகிவிடுவதால், உள்ளே போன காற்று வெளியேற நேரம் பிடிக்கிறது. பயந்தவர் வேகவேகமாக மூச்சு விடுகிறார். பழைய காற்று போய் முடிவதற்குள் புதிய காற்று நுழைகிறது. நெஞ்சு ஏற்கெனவே நிரம்பியிருக்க, அடுத்த மூச்சுக்கு இடமே இல்லை. பயம் இன்னும் ஏறுகிறது. உதட்டைக் குவித்து, ஊதாங்குழலில் ஊதுவதுபோல, ஆனால் மெல்ல, நிதானமாக மூச்சை விடச் சொல்லித்தருவது இந்தச் சுழலை உடைக்கத்தான். அடுப்புப் புகையால் நோய் வந்தவர்களுக்கு அந்த வித்தை புதிதும் அல்ல!

மருந்துகளும் தம் பங்குக்குக் குழப்புகின்றன. சால்புட்டமால் எடுத்தபின் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அதையே பதற்றம் என்று நினைத்து மேலும் பதறுபவர்கள் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை சிலருக்குத் தூக்கத்தைக் கெடுத்து எரிச்சலைக் கூட்டும். தூக்கம் வரவில்லையே என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் தூக்க மாத்திரைதான் இருப்பதிலேயே ஆபத்து. நோய் முற்றியவர்களுக்கு அது மூச்சையே மந்தமாக்கிவிடலாம்.

வீட்டில் நடப்பது வேறு கதை. “நீங்க உட்காருங்கப்பா, நாங்க பார்த்துக்கிறோம்” என்பது அன்புதான். ஆனால் மாடிப்படி நின்று, கடைத்தெரு நின்று, கல்யாண வீடும் நின்றுபோகும்போது தசை இளைக்கிறது; நாலு எட்டு வைத்தாலே இரைக்கிறது. “அன்னைக்கே பீடியை விடச் சொன்னேனே” என்ற குத்தல் வேறு. குற்ற உணர்வில் இருப்பவர் உதவி கேட்க வாய் திறப்பதில்லை.

இதற்கு நிரூபணமான மருந்து, மேற்பார்வையில் செய்யும் உடற்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் சேர்ந்த நுரையீரல் மறுவாழ்வுச் சிகிச்சை. 65 பரிசோதனைகளை அலசிய 2015-ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வில், மூச்சிரைப்பும் களைப்பும் குறைந்ததோடு மனநிலையும் தேறியது தெரிந்தது. பேச்சுச் சிகிச்சையில் முடிவு அத்தனை தெளிவாக இல்லை. இங்கிலாந்தின் நியூகாசிலில் நுரையீரல் பிரிவு நர்சுகளே பயிற்சி பெற்றுப் பதற்றத்துக்கான ஆலோசனை தந்தபோது, வெறும் கையேடு பெற்றவர்களைவிட அந்த நோயாளிகளுக்குப் பதற்றம் அதிகம் குறைந்தது. 2018-இல் வெளியான முடிவு இது. அதே நாட்டில் 423 பேரிடம் நடந்து 2023-இல் வெளிவந்த டேன்டம் ஆய்விலோ, மறுவாழ்வுச் சிகிச்சைக்கு முன்பு கொடுத்த ஆலோசனையால் பதற்றமும் குறையவில்லை, சோர்வும் குறையவில்லை. ஆகவே ஆலோசகர்களை நியமித்துவிட்டால் போதும் என்று எந்த அரசும் கைகழுவ முடியாது. முதல் செலவு உடற்பயிற்சிக்குத்தான் போகவேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது எட்டாத காரியமல்ல. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் ஏற்கெனவே வீடு தேடிப் போகிறார். மத்திய அரசின் தொற்றா நோய்த் திட்டமும் 2023-இல் சி.ஓ.பி.டி.யைச் சேர்த்துக்கொண்டது. இரண்டையும் இணைத்து, நுரையீரல் நோயாளிக்கான நடைப்பயிற்சியையும் மூச்சுப் பயிற்சியையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவரலாம்.

கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்தீர்களா? உலகெங்கும் மனச்சோர்வை முதலில் கண்டறியக் கேட்கப்படும் இந்த இரண்டு கேள்விகளையும் சுகாதாரத் துறை ஓ.பி. சீட்டில் அச்சிட வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை: டெலி-மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416-இல் எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம்.