ஹெல்மெட் ப்ளூடூத்தைப் போனுடன் இணைப்பது எப்படி?

''எங்கள் வீட்டுக்காரர் தினமும் விடியற்காலையில் கத்திரிக்காய் மூட்டையை எக்ஸ்.எல் வண்டியில் கட்டிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிறார். 14 கிலோமீட்டர் தூரம். போன் வந்தால் அதை ஹெல்மெட்டுக்குள் காதோரம் செருகிக்கொண்டு, பேசியபடியே ஓட்டுவார். ஆடி மாதம் அப்படிச் செருகும்போது ஒரு கையை விட்டு, வேகத்தடையில் விழுந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. இப்போது குணமாகி மறுபடியும் போக ஆரம்பித்துவிட்டார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன், ஹெல்மெட்டில் மாட்டும் ப்ளூடூத் கருவி ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறான். பெட்டியில் உள்ள குறிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. இதைப் போனுடன் எப்படி இணைப்பது? இதில் பேசிக்கொண்டே போனால் ஆபத்து இல்லையா?''

- வாசகி, ஒட்டன்சத்திரம் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

கருவியைப் பொருத்துவதற்கு முன்னால், அது மாட்டப்போகும் ஹெல்மெட்டைப் பார்க்க வேண்டும். ஆடி மாதம் விழுந்தபோது தலையில் இருந்த அதே ஹெல்மெட்தான் இப்போதும் என்றால், அது தரையில் மோதியதா என்று வாசகியின் கணவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மேலே உள்ள ஓட்டுக்குள் தெர்மாகோல் போன்ற ஒரு பகுதி இருக்கும். அடி விழும்போது அது நசுங்கித் தலையைக் காப்பாற்றும். ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்கு வராது. வெளியே கீறல் மட்டும் தெரியும்; உள்ளே வேலை முடிந்திருக்கும். மோதியிருந்தால் வேறு ஹெல்மெட் வாங்கிவிட வேண்டும். ஐ.எஸ்.ஐ முத்திரையும், ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்பது சட்டம். ஆனாலும் சாலையோரத்தில் கிடைக்கிறது, 200 ரூபாய் என்று நம் ஆட்களும் வாங்குகிறார்கள்.

போனை உள்ளே செருகும் பழக்கம் நம் ஊர்ச் சாலைகளில் எங்கும் இருக்கிறது. செருக இடம் வேண்டும் என்பதற்காகவே தாடைப் பட்டையைத் தளர்த்தி விடுகிறார்கள், அல்லது ஒரு அளவு பெரிய ஹெல்மெட்டாக வாங்குகிறார்கள். விழுந்தால் அது தலையில் நிற்காது. நின்றாலும் கன்னத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே கெட்டியான ஒரு சில்லு இருக்கும். அந்த வகையில் மகன் அனுப்பிய கருவி நல்ல மாற்றுதான்.

பெட்டியில் பெரும்பாலும் நான்கு பொருள்கள் இருக்கும். பொத்தான்கள் உள்ள சிறிய பெட்டி ஒன்று, வட்டமான இரண்டு ஸ்பீக்கர், ஒரு மைக், சார்ஜ் போடும் ஒயர். பெட்டியை ஹெல்மெட்டின் இடதுபக்க விளிம்பில் கிளிப் வைத்தோ, ஒட்டும் பட்டை வைத்தோ மாட்டுவார்கள். ஒட்டுவதாக இருந்தால் இடத்தை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்தால் போதும். பெட்ரோல், தின்னர் எதையும் தொடக் கூடாது, ஓடு பலம் இழந்துவிடும். ஸ்பீக்கர் காதுக்கு நேராக, துணி உறைக்கு அடியில் உள்ள குழியில் உட்கார வேண்டும். குழி இல்லாத ஹெல்மெட்டில் சிலர் தெர்மாகோலைக் கத்தியால் சுரண்டி இடம் செய்கிறார்கள். அதைவிட ஸ்பீக்கர் இல்லாமலே போகலாம். ஓட்டில் ஓட்டை போடுவதும் அப்படித்தான். முகம் திறந்த ஹெல்மெட் என்றால் கம்பி போல வளையும் மைக், முகம் மூடியது என்றால் தாடைப் பகுதியில் ஒட்டும் சிறிய மைக். எதுவானாலும் உதட்டுக்குப் பக்கத்தில், பஞ்சு உறையோடு இருக்க வேண்டும். உறையைக் கழற்றிவிட்டால் காற்றுச் சத்தம் மட்டும்தான் எதிர்முனைக்குக் கேட்கும்.

இனி இணைப்பு. முதல் முறை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கருவியை முழுமையாக சார்ஜ் செய்தபின் செய்ய வேண்டும். வீட்டில் உள்ள மற்ற போன்களில் ப்ளூடூத்தை அணைத்துவிடவும். கருவி அணைந்த நிலையில், அதை இயக்கும் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். கருவி இயங்கிவிட்டதற்கான சத்தம் வந்ததும் விரலை எடுக்கக் கூடாது. இங்கேதான் பலரும் விரலை எடுத்துவிட்டு, 'போனில் பெயரே வரவில்லை' என்று சொல்கிறார்கள். இன்னும் சில நொடிகள் பிடித்தபடி இருந்தால் சிவப்பும் நீலமுமாக மாறி மாறி விளக்கு மின்னும். போனைத் தேடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சில கருவிகளில் இதற்குத் தனிப் பொத்தான் இருக்கும், விளக்கின் நிறமும் மாறலாம். குறிப்பில் உள்ள படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிறகு போனில் செட்டிங்ஸைத் திறந்து ப்ளூடூத்தை இயக்கினால், அருகில் உள்ள கருவிகளின் பெயர்கள் வரிசையாக வரும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயரைத் தொட வேண்டும். சம்மதம் கேட்டால் கொடுக்கலாம். பழைய மாடல்கள் ரகசிய எண் கேட்டால் பெரும்பாலும் 0000 என்பதே எண். தொடர்பு எண்களைப் பகிரலாமா என்று தனியாக ஒரு கேள்வி வரும். மறுத்தாலும் பேச்சு கேட்கும். 'இணைக்கப்பட்டது' என்று வந்ததும் வேறொரு போனிலிருந்து அழைத்து, ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிப் பேசிப் பார்க்க வேண்டும். அடுத்த நாளிலிருந்து கருவியை இயக்கினாலே தானாக இணைந்துவிடும்.

பாட்டு கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை என்றால், ப்ளூடூத் பட்டியலில் கருவியின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரக் குறியைத் தொட்டு, போன் அழைப்புக்கான இடத்தை இயக்க வேண்டும். முதல் நாள் இணைந்தது மறுநாள் இணையவில்லை என்றால், மகனின் போனோ மகளின் போனோ முந்திக்கொண்டு இணைந்திருக்கும். வண்டி வாசலைத் தாண்டும் வரை வீட்டுப் போனோடு ஒட்டிக்கொண்டு, தெருமுனையில் அறுந்துபோகும். அந்தப் போனிலிருந்து கருவியின் பெயரை அழித்துவிட வேண்டும். சாலையில் விட்டு விட்டுக் கேட்கிறது என்றால் போன் இருக்கும் இடத்தைக் கவனிக்கவும். ப்ளூடூத் அலை ஈரத்தில் வலுவிழக்கும், இரும்பைத் தாண்டாது. கொத்தமல்லிக் கட்டுக்கு அடியிலோ, வண்டியின் இரும்புப் பெட்டியிலோ போனை வைத்தால் அறுந்துதான் போகும். சட்டைப் பையில் இருந்தால் போதும். இன்டர்காம் என்ற பொத்தான், இரண்டு பேர் இரண்டு ஹெல்மெட்டில் பேசிக்கொள்வதற்கானது. அது போன் இணைப்பு இல்லை, அதை விட்டுவிடலாம்.

வாசகியின் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. பேசிக்கொண்டே போனால் ஆபத்து இல்லையா? ஆபத்து இருக்கிறது. வாகனம் ஓட்டும்போது போன் பயன்படுத்துபவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்றும், கையில் பிடிக்காமல் பேசுவது அதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கை ஹேண்டில்பாரில்தான் இருக்கிறது, மனம் கமிஷன் கடையில் இருக்கிறது என்பதுதான் காரணம். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடிவிடும். 'நேத்து இருபத்திரண்டு, இன்னைக்குப் பதினாறா?' என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் ஐந்து நொடியில் 55 மீட்டர். விடியாத இருட்டில், பின்னால் மூட்டை கட்டிய வண்டியில், அந்த 55 மீட்டருக்குள் வேகத்தடையும் வரும், தெருநாயும் வரும்.

அப்படியென்றால் கருவி எதற்கு? யார் அழைக்கிறார்கள் என்பதைப் போனை எடுக்காமல் தெரிந்துகொள்வதற்கு. அந்த ஒரு வேலைக்கே அது தகும். ஆடி மாதம் அவர் விழுந்தது பேசும்போது இல்லை, போனை எடுத்துச் செருகும்போது என்பதை வாசகியே எழுதியிருக்கிறார். பல ஆண்ட்ராய்டு போன்களில் அழைப்பவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லும் வசதி இருக்கிறது. ஹெட்செட் இணைந்திருக்கும்போது மட்டும் சொல்லும்படியும் வைக்கலாம். பெயர் காதில் விழுந்ததும், தேவையான அழைப்பு என்றால் வண்டியை ஓரம் கட்டி, ஒரு பொத்தானை அழுத்திப் பேசிவிட்டுப் போகலாம். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு மார்க்கெட் போய்ச் சேர்ந்து பேசினால் ஆகாதா?

இதற்கு ஒரு திருத்தம் செய்ய வேண்டும. சில கருவிகள் மணி அடித்த சில நொடிகளில் தானாகவே அழைப்பை எடுத்துவிடும். அந்த வசதியை நிறுத்திவிடவும். எடுத்தபின் பேசாமல் இருக்க யாராலும் முடியாது. ஒலியையும் பாதிக்குக் கீழே வைத்து, பின்னால் வரும் ஹாரன் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்தில் மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மும்முனை மின்சாரம் வந்தாலும், போனாலும், கிணற்றில் தண்ணீர் வற்றி மோட்டார் நின்றாலும் அது போனுக்கு அழைக்கும். மோட்டாரைப் போட, நிறுத்த எண்களை அழுத்தச் சொல்லும். இவ்வளவு நாள் சாலையில் அந்த அழைப்பைக் கவனிக்காமல் விட்டவர், இனிமேல் காதுக்குள்ளேயே கேட்டபின் சும்மா இருப்பாரா? எண்ணை அழுத்தப் போனை எடுத்துவிடுவார். மார்க்கெட் போகும் நேரத்துக்கு மட்டும் ஸ்டார்ட்டரைத் தானியங்கி முறைக்கு மாற்றிவைத்தால் மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடும். தண்ணீர் வற்றினால் நிற்கும் பாதுகாப்பு வேலை செய்கிறதா என்று ஒருமுறை சோதித்துவிட்டு மாற்றவும்.

சட்டத்தைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 2019-ல் திருத்தப்பட்டபின், ஓட்டும்போது கையடக்கத் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை 184-ம் பிரிவில் அபாயகரமாக ஓட்டும் குற்றமாகச் சேர்த்திருக்கிறது. வழிகாட்டும் வரைபடம் பார்க்க மட்டும், கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் விதியில் இடம் தந்திருக்கிறார்கள். ப்ளூடூத் கையில் இல்லையே என்று வாதாடலாம்தான். ஆனால், கவனமான ஓட்டுநரிடம் எதிர்பார்ப்பதைவிட மிகக் குறைவாக ஓட்டுவதும் அதே பிரிவில் இருக்கிறது. விபத்து நடந்தால் அந்த வரி நினைவுக்கு வரும். தலைக்கவசம் போடாவிட்டால் 194டி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதமும், மூன்று மாத லைசென்ஸ் தடையும் உண்டு. 129-ம் பிரிவு ஹெல்மெட்டைப் பட்டையால் கட்டியிருக்க வேண்டும் என்கிறது. தலையில் கவிழ்த்துவைத்தால் போதாது.

பராமரிப்பில் விவசாயிக்கு மட்டும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மருந்துக் கடையிலிருந்து வரும்போது பூச்சிக்கொல்லிப் பாட்டிலை ஹெல்மெட்டுக்குள் போட்டுக்கொண்டு வருவது பலரின் வழக்கம். ஈ.சி. என்று முடியும் மருந்துகளில் கரைப்பான் இருக்கிறது. ஒரு சொட்டு கசிந்தாலும் தெர்மாகோலைக் கரைக்கும், மைக் பஞ்சில் ஊறினால் அது உதட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். மோட்டார் ரூம் வெயிலில் ஹெல்மெட்டைத் தொங்கவிடுவதும் வேண்டாம், உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. சார்ஜ் போட சாதாரண 5 வோல்ட் போன் சார்ஜர் போதும். வண்டியின் 12 வோல்ட் பேட்டரியில் நேராக ஒயர் கொடுத்தால் கருவி அன்றைக்கே போய்விடும்.

''எங்களிடம் ஒரு டச் போன், ஒரு பட்டன் போன் இருக்கின்றன. மோட்டார் ஸ்டார்ட்டருக்குப் பட்டன் போன் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறோம். இரண்டையும் ஒரே ஹெல்மெட்டில் இணைக்க முடியுமா?''

- வாசகர், தொப்பம்பட்டி ஒன்றியம், திண்டுக்கல் மாவட்டம்.

பட்டன் போனில் ப்ளூடூத் இருந்தால் இணையும். மெனுவுக்குள் செட்டிங்ஸ் அல்லது கனெக்டிவிட்டி என்ற இடத்தில் தேட வேண்டும். இரண்டு போன்களை ஒரே நேரத்தில் ஏற்பது கருவியைப் பொறுத்தது. வாங்கும்போதே கடையில் இரண்டையும் இணைத்துக் காட்டச் சொல்லலாம். முதலில் ஒரு போனை மேலே சொன்னபடி இணைத்து, அதன் ப்ளூடூத்தை அணைத்துவிடவும். கருவியை மறுபடி சிவப்பு நீலமாக மின்னவைத்து இரண்டாவது போனை இணைக்கவும். பிறகு முதல் போனின் ப்ளூடூத்தை இயக்கி, அதில் உள்ள கருவியின் பெயரைத் தொட்டால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். ஒன்று மட்டுமே இணைகிறது என்றால், ஸ்டார்ட்டர் எண்ணைச் சேர்க்காமல் டச் போனை மட்டும் வைத்துக்கொள்ளவும். பட்டன் போனை வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போனால், மோட்டாரை அவர் பார்த்துக்கொள்வார்.