‘மாணவர் வாழ்க்கை’ என்னும் இயலில் இல்லாதவர்

எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி 1845-இல் ஓர் ஆங்கிலப் பள்ளியாகத் தொடங்கி, 1875-இல் கல்லூரியாக உயர்ந்தது. 2025-ஓடு அதற்கு 150 ஆண்டுகள். இத்தகைய நிறைவுகளையொட்டி எழுதப்படும் கல்லூரி வரலாறுகளில், அவை எந்த ஊரைச் சேர்ந்தவையாயினும், ‘மாணவர் வாழ்க்கை’ என்றோர் இயல் தவறாமல் இடம்பெறும். அதில் சொற்போர் மன்றம் வரும். நாடகமும் விளையாட்டு விழாவும் வரும். ஆசிரியர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருக்க, மாணவர்கள் பின்வரிசையில் நிற்கும் குழுப்படம் வரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த அமெரிக்கப் பல்கலைக்கழக ஆண்டுமலர்களைப் புரட்டியவர்களுக்கும் இந்தச் சட்டகம் பழக்கமானதே. பந்தின் வடிவம் மட்டுமே வேறு.

மன்றத்தில் எழுந்து பேச யாருக்கு இயன்றதோ அவர்களே இதழிலும் எழுதினர். அவ்விதழே பின்னர் சான்றாகிறது. சான்றில் இல்லாதவர் கல்லூரியிலும் இல்லாதவராகிவிடுகிறார்.

வல்லார்பாடத்தை அடுத்த முளவுகாடு தீவில் 1912-இல் புலையர் குடும்பமொன்றில் பிறந்தவர் தாட்சாயணி வேலாயுதன். அழகி, சக்கி, காளி என்று பெண்களுக்குப் பெயரிடப்பட்ட சூழலில் ‘தாட்சாயணி’ என்ற வடமொழிப் பெயரே ஒரு மீறல்தான். (பெயரிடலைச் சமூக மொழியியலுக்குப் புறம்பானதாகக் கருதுவோர் இதைச் சற்று நின்று எண்ணலாம்.) அடுத்த ஆண்டே, 1913-இல், எர்ணாகுளத்தையொட்டிய காயலில் பண்டிட் கறுப்பனின் முன்முயற்சியில் ஒரு மாநாடு கூடியது. கரையில் கூடப் புலையருக்கு இடமில்லை. ஆகவே படகுகளை ஒன்றோடொன்று பிணைத்து நீரின்மேல் கூடினர். காயல் சம்மேளனம் என்று வரலாறு அதை அழைக்கிறது.

அந்தக் கரையில்தான் மகாராஜாஸ் கல்லூரி நிற்கிறது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் தாட்சாயணி கொச்சி அரசின் உதவித்தொகையுடன் அங்கே வேதியியல் பயின்றார். அறிவியல் வகுப்பில் அவர் ஒருவரே பெண். ஆய்வகத்தில் உயர்சாதி ஆசிரியர் ஒருவர் அவருக்குச் சோதனைகளைச் செய்துகாட்ட மறுத்தார். பிறருக்குக் காட்டப்பட்டதைத் தொலைவிலிருந்து பார்த்தே அவர் கற்றார். வேதியியல் பயின்றவர்களுக்கு இதன் பொருள் தனியே விளங்கும். நிறம் மாறும் அந்தக் கடைசித் துளியைக் குடுவைக்கு அருகில் நின்று கண்டால்தான் பருமனறி பகுப்பாய்வு கைவரும். நான்கு அடி தள்ளி நிற்பவருக்குத் துளி தெரியாது, விளைவு மட்டுமே தெரியும். 1935-இல் அவர் பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் தலித் பெண் பட்டதாரி அவர்.

தமிழ்ப் பரப்பிலும் இதற்கு இணையான பதிவு உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் வெளியிட்ட தன் வரலாற்றில் கோயம்புத்தூர்க் கல்லூரி நாள்களை நினைவுகூர்கிறார். ஏறத்தாழ 400 மாணவர்களில் பத்துப்பேர் நீங்கலாக மற்றையோர் பிராமணர். நட்புக் கொண்டால் சாதியும் இருப்பிடமும் கேட்பார்களே என்றஞ்சி, அவர் வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்பினுள் நுழைவாராம். மணிக்கு முந்தைய அந்த நேரமன்றோ பிறருக்குக் கல்லூரி வாழ்க்கையாக இருந்தது!

அமெரிக்காவிலும் குழுப்படத்திற்கு வெளியே மாணவர்கள் இருந்தனர். 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர் எழுவர் ‘ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா’ என்னும் சகோதரக் கழகத்தைத் தொடங்கினர். வெள்ளையர் கழகங்களின் கதவுகள் அவர்களுக்குத் திறக்கவில்லை. அங்கே எழுவர் இருந்தமையால் ஒரு கழகம் பிறந்தது, அதன் ஆவணமும் எஞ்சியது. முளவுகாட்டு மாணவி ஒருத்தி. ஒருத்தியால் கழகம் அமைக்க இயலாது.

ஆவணமின்றி எதை எழுதுவது என்று ஆய்வாளர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான், ஆனால் இதழ்களுக்கு அப்பால் தேடியபின் கேட்கப்படும்போது மட்டுமே. உதவித்தொகைக் கோப்புகள், கட்டணச் சலுகைப் பதிவேடுகள், விடுதிக் கணக்குகள், தன்வரலாறுகள் ஆகியவையும் மாணவர் வாழ்க்கையின் சான்றுகளே.

இதைவிட நுட்பமான மறைப்பு ஒன்றும் உண்டு. தாட்சாயணி 1946-இல் அரசியல் நிர்ணய சபை உறுப்பினரானார். அதில் இடம்பெற்ற ஒரே தலித் பெண் அவரே. எனவே இன்று அவரை எவரும் மறப்பதில்லை. ‘புகழ்பெற்ற முன்னாள் மாணவர்’ பட்டியலில் அவர் பெயர் பெருமையுடன் வைக்கப்படுகிறது. அப்பெருமை கல்லூரிக்குச் சேர்கிறது. ஆய்வகம் மட்டும் விடுபட்டுப்போகிறது. பெயர் பின்னிணைப்பிற்குச் சென்றபின் ‘மாணவர் வாழ்க்கை’ இயல் பழையபடியே சொற்போர் மன்றத்துடன் தொடங்குகிறது.

மலர்க் குழுக்கள் செய்யக்கூடியது எளிது. அந்தப் பெயரைப் பின்னிணைப்பிலிருந்து எடுத்து, விளையாட்டு விழாவிற்கு முந்தைய பக்கத்தில் வைக்கலாம். சோதனை மேசைக்கும் அவர் நின்ற இடத்திற்கும் இடையே இருந்த தொலைவையும் அங்கேயே எழுதலாம்.